எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு இன்னும் ஒரு ஆள்

அந்தப் பை பாரமாக இருந்தால் என் பக்கம் நகர்த்தி வையுங்கம்மா, எனக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை. நான் ஒட்டம்பாறையில் இறங்கிவிடுவேன். நீங்கள் கடைசி ஸ்டாப்பா? பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சரா? அப்படித்தான் நினைத்தேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் பஸ்ஸில்கூடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள். போகப் போக மூடிவிடுவீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க, நானும் வாத்தியார்தான். பூவனேரி அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவுக்கு இன்ஸ்ட்ரக்டர். துரைக்கண்ணு சார் என்றால் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

இன்றைக்கு எங்களுக்குச் சேர்க்கை கடைசி நாள். சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் எனக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள். அந்த ஒருவர் வந்துவிட்டால் என் பிரிவு பிழைத்தது. வரவில்லை என்றால் மூடிவிடுவார்கள். மூடுவது என்றால் கதவைச் சாத்துவது மட்டும் இல்லை. பெஞ்சு, போர்டு, மோட்டார் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூடவே என்னையும் அனுப்பிவிடுவார்கள். பிரின்சிபால் மேடம் போன வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "சார், உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா மேல இருக்கறவங்க தலையைத்தான் எண்ணுவாங்க, மரியாதையை எண்ண மாட்டாங்க."

எனக்கு ஊர் மாறிப் போக முடியாதும்மா. வீட்டில் மனைவிக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் நான்தான் தலை வாரிவிட வேண்டும். மத்தியானம் ஓடிப்போய் ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அடுத்த மாவட்டத்திலிருந்து எப்படி ஓடி வருவது? அதனால்தான் இந்த வெயிலில் ஒட்டம்பாறைக்குப் போகிறேன். அந்த ஒரு ஆள் அங்கேதான் இருக்கிறது. பொண்ணு. இந்த வருஷம்தான் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கிறாள். யோகேஸ்வரி என்று பெயர்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் எப்படியோ, எங்களுக்கு மே மாதம் வந்தால் நாங்கள் எல்லோரும் பிள்ளை பிடிக்கிறவர்கள்தான். ஃபிட்டர் பிரிவு ஜெயசீலன் சாரும் நானும் ஒரே பைக்கில் ஊர் ஊராகப் போவோம். ஒரு டீக்கடையில் ஒரு அப்பா கேட்கிறார், "சேர்ந்தா சைக்கிள் தருவீங்களா சார்?" தருவோம் என்றேன். "பஸ் பாஸு?" அதுவும் உண்டு. "மாசாமாசம் பணம்னாங்களே?" அதுவும்தான். "அப்ப அதையெல்லாம் இங்க குடுத்துட்டுப் போங்க சார், பையனை நாங்களே வச்சிக்கிறோம்." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அங்கே முகத்தைச் சுளித்தால் அடுத்த வீட்டில் குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. தனியார் ஐடிஐக்காரன் வேன் அனுப்புகிறான், செல்போன் தருகிறேன் என்கிறான். நாங்கள் பழைய பைக்கில் போய் நிற்கிறோம்.

ஆனால் என்னிடம் அவனிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. தேர்ச்சி. என் பிரிவில் சேர்ந்தவன் ஃபெயில் ஆனது கிடையாது. கேட்டில் ஃப்ளெக்ஸே வைத்திருக்கிறோம், நூற்றுக்கு நூறு என்று. அதைவிடப் பெரிய விஷயம், விபத்தே கிடையாது. கரண்ட் வேலை கற்றுக்கொடுக்கிற இடம், இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்குச் சுரீர் என்று ஒரு தடவை அடித்தது கிடையாது. எத்தனை ஐடிஐயில் இப்படிச் சொல்ல முடியும்? கேட்டுப் பாருங்க.

எப்படி என்று கேட்க மாட்டீர்களா? நீங்கள் கேட்க மாட்டீர்கள், பேசவே மாட்டேன் என்கிறீர்கள். நானே சொல்கிறேன்.

எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் ஒரு பையனுக்கு ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டுக் கை முறிந்துவிட்டது. பேப்பரில் வந்துவிட்டது. அவரையும் அப்போதைய பிரின்சிபாலையும் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடித்தார்கள். அந்த இடத்துக்கு நான் வந்தேன். வந்த அன்றைக்கு முதல் வேலையாக, ஒர்க்ஷாப் மெயினில் இருந்த பீஸ் கட்டைகளைப் பிடுங்கி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அவ்வளவுதான். அன்றையிலிருந்து ஒர்க்ஷாப்பில் பொட்டு கரண்ட் கிடையாது. பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் தொடலாம். வயரைப் பல்லால் உரிக்கலாம். வெறுங்கையால் முறுக்கலாம். நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இதற்குத்தான் அப்படிப் பார்க்கிறீர்களா? கரண்ட் இல்லாமல் கரண்ட் வேலையா என்று. அங்கேதான் என் முறை இருக்கிறது. போர்டு தருவேன், வயர் தருவேன், சுவிட்ச், ஹோல்டர், பல்பு எல்லாம் தருவேன். பிள்ளைகள் இணைப்புக் கொடுப்பார்கள். நான் ஒவ்வொரு போர்டாகப் போய், விரலை வைத்து வயரோடு வயராக நகர்த்திப் பார்ப்பேன். சரியாக இருந்தால் "எரியுது" என்பேன். தப்பாக இருந்தால் "எரியல" என்பேன். சேரக்கூடாத இரண்டு வயர் சேர்ந்திருந்தால் "டமால்!" என்பேன். தொடக்கூடாததைத் தொட்டவனிடம் "நீ போய்ட்டடா" என்பேன். உடனே அவன் நாக்கைத் தள்ளிக்கொண்டு பெஞ்சில் சாய்வான். வகுப்பே சிரிக்கும். அடுத்த நிமிஷம் எழுந்து, "சார், இன்னொரு தடவை" என்பான். சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்ட பாடம் மறக்காதும்மா. நீங்களும் வகுப்பில் செய்து பாருங்க.

ஜெயசீலன் சாருக்கு என்னைக் கிண்டல் பண்ணாவிட்டால் டீ இறங்காது. "துரைக்கண்ணு சார் கிளாஸ்ல பல்பு செலவே இல்லப்பா. வாயாலயே எரிய வச்சிடுவாரு." சொல்லட்டும். அவர் ஒர்க்ஷாப்பில் வருஷத்துக்கு ஒருத்தனாவது விரலை நசுக்கிக்கொள்கிறான். என் பிள்ளைகளின் விரல்களை எண்ணிப் பாருங்க.

பரீட்சைக்கு என்ன செய்வீர்கள் என்றால், அதற்கும் இதே முறைதான். ஒரு வருஷம் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் இளவட்டம். வந்ததும் வராததுமாக "மெயினைப் போடுங்க சார்" என்றார். "போடலாம் சார். ஏதாவது ஆச்சுன்னா யார் பேர்ல எழுதறது? உங்க பேரா, என் பேரா?" என்றேன். யோசித்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவரும் நம் வழிக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு போர்டாகக் காட்டி "எரியுதா சார்?" என்பார். "எரியுது சார்" என்பேன். மார்க் போட்டுக்கொண்டே போனார். அந்த வருஷம் முதல் மார்க் யார் தெரியுமா? இந்த ஒட்டம்பாறைப் பையன். தணிகைவேல். நான் இப்போது கூட்டிவரப் போகிறேனே யோகேஸ்வரி, அவளுடைய அண்ணன்.

அவனையும் நான்தான் சேர்த்தேன். இதே பஸ்ஸில் இதே ரோட்டில் வந்துதான். செங்கல் சூளைக்குப் போவதாக இருந்தான். அவன் அம்மா காசியம்மா வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசியது. "கரண்டு வேலை வேணாம் சார். எனக்கு அதுன்னா ஒதறுது. வேற ஏதாச்சும் இருந்தா சேத்துக்குங்க." நான் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். "அம்மா, என் பிள்ளைங்களுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. எழுதித் தரட்டுமா?" அந்தம்மா ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தது. "உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்றது. நான் வாக்குத் தவறவில்லை. இரண்டு வருஷமும் ஒரு கீறல் இல்லாமல்தான் வீட்டுக்கு அனுப்பினேன். முதல் மார்க்கோடு அனுப்பினேன். ஃப்ளெக்ஸில் அவன் படம்தான் பெரிதாக இருந்தது.

இருந்தது. இப்போது இல்லை.

போன ஆடி மாதம் ஊரில் கூழ் ஊற்றுகிற திருவிழா. கோயிலிலிருந்து ரோடு வரைக்கும் மூங்கிலில் டியூப்லைட் கட்டியிருக்கிறார்கள். பாதி வரிசை எரியவில்லை. லைட் செட்காரனைக் கூப்பிடலாம் என்றால், ஊர்ப் பெரியவர்கள், "எதுக்குய்யா? நம்ம தணிகை படிச்சிட்டு வந்திருக்கான்ல, மொத மார்க்கு" என்றிருக்கிறார்கள். பெருமை. ஒட்டம்பாறையில் இந்தப் படிப்பு படித்தவன் அவன்தானே முதல். லைட் செட்காரன் மட்டும் தள்ளி நின்று, "தம்பி, லைன் இருக்குதான்னு பாத்துட்டுக் கை வை" என்றானாம். இவன் சிரித்தானாம். "இது எங்க சார் எங்களுக்கு டெய்லி குடுக்கற வேலைண்ணா." வயரைப் பல்லால் கடித்து உரிக்கப் போய், அது கெட்டியாக இருந்ததால் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் பிடித்தானாம்.

கூட்டம் சுற்றி நிற்கிறது. அப்படியே பக்கத்து மூங்கிலில் சாய்ந்தானாம். அவனோடு படித்த பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், என் பழைய பிள்ளைகள்தான். அவர்கள் கைதட்டிச் சிரித்தார்களாம். "நீ போய்ட்டடா!" என்று கத்தினார்களாம். வகுப்பில் செய்கிற மாதிரி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். எழுந்து "இன்னொரு தடவை" என்று சொல்வான் என்று காத்துக்கொண்டு நின்றார்களாம். லைட் செட்காரன் ஓடி வந்து கட்டையால் தள்ளுகிற வரைக்கும் காத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

விதி. வேறு என்ன சொல்வது? தரையெல்லாம் கூழ் சிந்தி ஈரம். ஈரத்தில் நின்று கரண்டைத் தொடலாமா என்பது எங்களுக்குப் பரீட்சைக் கேள்வி. தொடக்கூடாது என்று சரியாகப் பதில் போட்டவன் அவன். விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன், முழு மார்க். தெரியாதவன் செத்தால் படிப்பைக் குறை சொல்லலாம். தெரிந்தவன் தொட்டால் யாரைச் சொல்வது?

சாவுக்குப் போனேன். ஐடிஐ சார்பில் மாலை வாங்கிக்கொண்டு போனேன். வழி மட்டும் விட்டார்கள். அந்தப் பொண்ணு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. அழவில்லை. என் பழைய பிள்ளைகளில் ஒருவனிடம் ஏதோ கேட்டது. அவன் என்னைக் கை காட்டினான். பிறகு நான் கிளம்புகிற வரைக்கும் அது என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனுடைய சார் என்கிற மரியாதை. சின்ன வயசு, மறக்காது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கெட்ட காலம். படம் போட்ட ஃப்ளெக்ஸை மேடம் இறக்கச் சொல்லிவிட்டார். அவனுக்குப் பிறகு ஒட்டம்பாறையிலிருந்து சேர்ந்து வந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். சுற்று வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே "கரண்டு வேணாம் சார்" என்கிறார்கள். மூடநம்பிக்கை. ஒரு சாவை வைத்து ஒரு படிப்பை ஒதுக்குகிறார்கள். பஸ்ஸில் அடிபட்டுச் சாகிறவன் இல்லையா? நாம் இரண்டு பேரும் பஸ்ஸில்தானே போய்க்கொண்டிருக்கிறோம்.

நானாகப் போய் அந்த வீட்டில் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. சரி, விட்டுவிடுவோம் என்றிருந்தபோது நேற்று அந்தப் பொண்ணே கூப்பிட்டது. கடவுள் இருக்கிறாரம்மா.

"சார், தணிகை தங்கச்சி பேசறேன். சீட்டு இருக்குதா?"

"இருக்கும்மா. உனக்குன்னே இருக்கு."

"அண்ணன் படிச்ச அதே கிளாஸா சார்?"

"அதே கிளாஸ், அதே பெஞ்சு."

"நீங்கதான் எடுப்பீங்களா?"

"நானேதான்மா."

பிறகு மெதுவாகக் கேட்டது, "ஒர்க்ஷாப்புல கரண்டு இருக்குமா சார்?"

எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. பயம். அண்ணனைப் பறிகொடுத்த பொண்ணுக்குப் பயம் இருக்காதா? "சத்தியமா இருக்காதும்மா. பீஸ் கட்டையைப் புடுங்கி என் கையாலயே பூட்டி வச்சிருக்கேன். நீ தைரியமா வா."

"எப்பப் புடுங்கினீங்க சார்? அண்ணன் போனதுக்கு அப்புறமா?"

"சேச்சே. நான் வேலைக்கு வந்த அன்னையிலருந்தே கிடையாதும்மா."

"அண்ணன் படிச்சப்பவும் இல்லியா?"

"அவன் படிச்ச ரெண்டு வருஷமும் இல்ல."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட இல்லம்மா. என்னை நம்பு."

"பரீட்சையிலயும் இல்லியா சார்?"

"பரீட்சையிலயும்தான்."

பின்னால் யாரோ இருமினார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது போல. ஒரு பொம்பளைக் குரல் "அய்யோ, எம் புள்ளே" என்றது, அதை யாரோ அடக்கினார்கள். காசியம்மாவாக இருக்கும். மகன் ஞாபகம் வராமல் இருக்குமா? ஆம்பளைக் குரல் ஒன்று, "போதும்மா, இதுவே போதும்" என்றது. பாருங்க, எவ்வளவு சீக்கிரம் திருப்தி ஆகிவிட்டது! இத்தனை நாள் நான் ஊர் ஊராக அலைந்து சொல்லியும் ஏறாதது, அந்தப் பொண்ணு கேட்ட நாலு கேள்வியில் ஏறிவிட்டது.

போனை வைக்கும் முன்னால் இன்னும் இரண்டு கேட்டது. "எந்த பஸ்ல வருவீங்க சார்?" சொன்னேன். "தனியாவா?" தனியாகத்தான் என்றேன். ஜெயசீலன் சாருக்கு வேறு ஊர் ஒதுக்கியிருக்கிறார்கள். "சரி சார். வாங்க" என்றது. அண்ணனைவிடக் கெட்டிக்காரி. எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறது. அவனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சொன்னதை அப்படியே செய்வான். நல்ல பையன்.

பெண் பிள்ளை எங்கள் பிரிவில் சேர்ந்தால் பேப்பரில்கூடப் போடுவார்களம்மா. மேடத்திடம் சொன்னேன், துள்ளிக் குதித்துவிட்டார். ஃப்ளெக்ஸுக்கு அளவு கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இதோ, பாறை தெரிகிறது பாருங்க. அந்த வளைவு திரும்பினால் ஸ்டாப். என் குடையைக் கொஞ்சம் எடுங்க.

அடேயப்பா. என்ன இவ்வளவு கூட்டம்? திருவிழாவா? இல்லையே, பந்தல் ஒன்றும் காணோமே. எல்லோரும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆம்பளை, பொம்பளை, சின்னப் பசங்கள்வரை. யாரும் பேசவில்லை, பஸ்ஸைத்தான் பார்க்கிறார்கள். ஓ! பொண்ணை வழியனுப்ப வந்திருக்கிறார்கள். ஊரில் முதல் பொண்ணு ஐடிஐக்குப் போகிறதல்லவா. பாருங்கம்மா, பாருங்க, ஒரு படிப்புக்கு ஒரு ஊர் இப்படித் திரண்டு வந்து நின்று பார்த்திருக்கிறீர்களா?

முன்னால் நிற்கிறதே, அதுதான் யோகேஸ்வரி. கையில் ஒன்றையும் காணோம். சர்டிபிகேட், போட்டோ எதையும் எடுத்து வரவில்லை. பரவாயில்லை, வீட்டில் வைத்திருக்கும். பக்கத்தில் காசியம்மா. என் பழைய பிள்ளைகள் இரண்டு பேரும்கூட நிற்கிறார்கள். ஒருவன் செல்போனை உயர்த்தி இப்போதே படம் எடுக்கிறான். எப்போதும் சிரிக்கிற பசங்கள், இன்றைக்கு என்னமோ முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

என்னம்மா? என்ன சொன்னீங்க? சத்தமாகச் சொல்லுங்க.

இறங்க வேண்டாமா? ஏன்?

இத்தனை நேரம் வாயே திறக்காதவர், திறந்ததும் இதுவா? பயப்படாதீங்க. இவர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். கண்டக்டர், திரும்பி வரும்போது இங்கே நிறுத்துங்க, நாங்கள் ரெண்டு பேர் ஏறுவோம். பாருங்க, தலையைக் குனிந்துகொள்கிறார். டிரைவர் எஞ்சினையும் அணைக்கவில்லை. எல்லோருக்கும் அவசரம்.

கையை விடுங்கம்மா. சட்டை கிழிந்துவிடும். நான் ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டேன். ஊரே வந்து நிற்கிறது.